கோயில் கல், சாபக் கல் என்று ஒன்று உங்கள் கைக்கு வந்தால்

கொழும்பில் நகை, கல் என்று கொஞ்சமாவது பழக்கம் உள்ளவர்கள் காதில் இந்தப் பேச்சு என்றைக்காவது விழுந்தே தீரும். செட்டியார் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு வெளியே, இல்லாவிட்டால் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில், யாரோ ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, இது சாதாரணக் கல் இல்ல, பழைய கோயில் ஒண்டுல சாமிட நெத்தியில இருந்தது, வச்சிருந்த ஆக்கள் ஒருத்தரும் நல்லா இருக்கல்ல, அதுதான் இந்த விலைக்கு" என்பார். அல்லது தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது துணியில் முடிந்த ஒரு சிவப்புக் கல்லும், அதைப் பற்றி ஆளுக்கொரு கதையும் வெளியே வரும். அல்லது நீங்கள் வருஷக்கணக்காகப் போட்டிருக்கும் மோதிரத்தைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்து, இது தோஷமான கல், கோயில் சொத்து, உடனே கழற்று என்பார்.

கல் எந்த வழியில் வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அன்றைக்கே எதையும் செய்யாதீர்கள். காசும் கொடுக்காதீர்கள், கல்லையும் கொடுக்காதீர்கள். கல்லைப் பதித்திருக்கும் கூட்டில் (பதிப்பில்) இருந்து கழற்றாதீர்கள், பளபளப்பாக்கக் கொடுக்காதீர்கள், ஓரத்தைச் சீவி எடை குறைக்க எந்தப் பட்டறைக்கும் அனுப்பாதீர்கள். பழைய கல்லின் அடியில் இருக்கும் அரக்கும், அழுக்கும், பிடி வளைந்த விதமும்தான் பிறகு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லப் போகின்றன. அவற்றைத் துடைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம் கல், களவு, சாபம் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். கதை சொல்பவர் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுத்தான் தருவார். சாபம் பயத்தைக் கிளப்பும், பயத்தில் நீங்கள் களவைப் பற்றிக் கேட்க மாட்டீர்கள், களவு என்று தெரிந்ததால் கல்லை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகவும் மாட்டீர்கள். கடையில் பில் இல்லை, ஏனென்றால் களவுக் கல். விலை மலிவு, ஏனென்றால் சாபக் கல். வெளியில் காட்டக் கூடாது, ஏனென்றால் பொலிஸ். இன்றைக்கே முடிக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு வேறொருவர் வருகிறார். நீங்கள் கேட்கக் கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் கதைக்குள்ளேயே பதில் தயாராக இருக்கிறதே, அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாகமாணிக்கம், வலம்புரிச் சங்கு, கஜமுத்து என்று சொல்லி நம் நாட்டில் நடக்கும் ஏமாற்றுகளும் இதே அச்சில்தான் ஓடுகின்றன, பத்திரிகை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

சாபக் கதை எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள உலகத்தில் பேர்போன கற்களைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டெல்லி பர்ப்பிள் சஃபையர்' என்று ஒரு கல் இருக்கிறது. 1857 கிளர்ச்சியின்போது கான்பூரில் இந்திரன் கோயிலில் கொள்ளையடித்தது, ஃபெரிஸ் என்ற குதிரைப்படை அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அவர் குடும்பம் சொத்தையும் சுகத்தையும் இழந்தது, 1890இல் எட்வர்ட் ஹெரான்-ஆலன் என்ற அறிஞர் கைக்கு வந்தது, அவர் பயந்துபோய் ரீஜன்ட் கால்வாயில் வீசினார், மூன்று மாதத்தில் தூர்வாரும்போது அகப்பட்டு ஒரு வியாபாரி மூலம் அவரிடமே திரும்பி வந்தது, கடைசியில் ஏழு பெட்டிக்குள் பூட்டி வங்கியில் வைத்தார் என்று போகிறது கதை. அவர் 1943இல் இறந்தார், அடுத்த வருஷம் மகள் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இப்போது கல்லைப் பாருங்கள். பேர் சஃபையர், ஆனால் பொருள் அமெதிஸ்ட், நம் கடைகளில் செவ்வந்திக்கல் என்று விற்கிற குவார்ட்ஸ் இனம். நீலக்கல்லோடு அதற்கு ஒரு உறவும் இல்லை. அந்த அறிஞர் 1921இல் புனைபெயரில் ஊதாக் கல்லைப் பற்றி ஒரு சிறுகதையும் வெளியிட்டிருக்கிறார், அதற்கு ஆதரவாகச் சாபக் கதையையும் அவரே கட்டியிருக்கலாம் என்பது அருங்காட்சியகத்தினரின் சந்தேகம். கோயில் கல் என்று உலகமே பேசிய ஒன்றில், கல்லின் இனமே தவறு.

ஹோப் வைரமும் அப்படித்தான். விக்கிரகத்தின் கண்ணில் இருந்து பிடுங்கினார்கள், பிடுங்கிய தவர்னியேயை நாய்கள் கிழித்துக் கொன்றன என்று படித்திருப்பீர்கள். தவர்னியே என்ற அந்தப் பிரெஞ்சு வியாபாரி இந்தியாவில் அதை வாங்கி 1668இல் பதினான்காம் லூயிக்கு விற்றார், நன்றாக வாழ்ந்து எண்பது வயது கடந்து மொஸ்கோவில் இறந்தார். உண்மையான களவு அதற்குப் பிறகு 1792இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் அரச களஞ்சியத்தில் நடந்தது. விக்கிரகக் கண் கதை பத்திரிகைகளில் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லை விற்பவர்களுக்கு அது தேவைப்பட்ட நேரத்தில். 45.52 காரட் எடையுள்ள அந்தக் கல் 1958இல் இருந்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 67.5 காரட் 'கறுப்பு ஓர்லோவ்' வைரத்தின் கதை இன்னும் மோசம். புதுச்சேரிப் பக்கம் பிரம்மா சிலையின் கண்ணில் இருந்து எடுத்தது என்பார்கள், இந்தியாவில் கறுப்பு வைரம் வெட்டி எடுத்ததாகவே தெரியவில்லை. பிரம்மாவுக்குக் கோயில் எத்தனை என்று நம் ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, நம் கையில் இருக்கும் கல்லுக்கு வருவோம்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை ஒழுங்காகச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தில் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், அடிப்பக்கத்தை மறக்காதீர்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். கல் தனியாக இருந்தால் எடை பாருங்கள், ஐந்து காரட் ஒரு கிராம். பதிப்பில் இருந்தால் பதிப்போடு எடை எழுதி வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கண்ணாடி, லூப் என்பார்கள், ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அது பெரிய செலவு இல்லை. லூப்பில் உள்ளே பார்க்கும்போது சிவப்புக் கல்லில் வட்டமான குமிழிகளோ, இசைத்தட்டில் இருப்பதுபோல் வளைந்து போகும் கோடுகளோ தெரிந்தால் அது நெருப்பில் உருக்கிச் செய்த செயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த முறையை வெர்னோய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி உலகத்துக்கு அறிவித்தது 1902இல். ஆகவே வளைந்த கோடு உள்ள கல்லை எவராவது பறங்கியர் காலத்துக் கோயில் மாணிக்கம் என்று காட்டினால் கதை அங்கேயே முடிந்தது. கண்ணாடிக் கல்லிலும் குமிழி வரும். தரையில் கீறிப் பார்ப்பது, சுத்தியலால் தட்டுவது, நெருப்பில் காட்டுவது எல்லாம் வேண்டாம், நல்ல கல்லும் உடையும்.

வெட்டையும் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய கோயில் நகைகளில் மேற்பக்கம் வழுவழுப்பாகக் குமிழ்ந்த கற்கள்தான் பெரும்பாலும் இருக்கும். பின்பக்கம் மூடிய தங்கக் கூட்டுக்குள், அரக்கின் மேல், தகடு வைத்துப் பதித்திருப்பார்கள். இன்றைய இயந்திரத்தில் வெட்டியதுபோல் ஒரே அளவில் பட்டை பட்டையாக மின்னும் கல்லை ஐந்நூறு வருஷம் சாமி நெற்றியில் இருந்தது என்று சொன்னால், எப்போது மறுபடி வெட்டினார்கள், யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று கேளுங்கள். வைரம் என்று சொன்னால் இன்னும் கவனம், இலங்கை மண்ணில் வைரம் எடுப்பதில்லை, அது வெளியில் இருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நீலம், புஷ்பராகம், வைடூரியம், கோமேதகம் எல்லாம் இரத்தினபுரிப் பக்கமே கிடைப்பவை, அதற்குக் கோயில் கதை தேவையே இல்லை. நிறத்தை வைத்து இனம் சொல்லவும் கூடாது. இங்கிலாந்து அரச முடியில் இருக்கும் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' கூட மாணிக்கம் இல்லை, ஸ்பினல் என்ற வேறு இனக் கல்.

அடுத்தது ஆய்வுகூடம். தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் கொழும்பில் இருக்கிறது, தரமான தனியார் ஆய்வுகூடங்களும் உண்டு. கல்லை வைத்திருப்பவர் நீங்கள் என்றால் நீங்களே கொண்டுபோங்கள், கையில் கொடுத்துவிடாமல் எடையும் அளவும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். விற்க வந்தவருடைய கல் என்றால், ஆய்வு அறிக்கை வந்த பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிடுங்கள், அவர் வியாபார அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். கல் வியாபாரம் செய்ய அதிகாரசபையின் அனுமதி வேண்டும். "அங்க கொண்டுபோனா சாபம் உங்களப் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். அறிக்கையில் இனம், எடை, அளவு, நிறம், சூடேற்றியதா, விரிசலை நிரப்பியதா என்பது இருக்கும். அது யாருடைய கல் என்பது அதில் இருக்காது. அறிக்கை சுத்தமாக வந்துவிட்டது, ஆகவே வாங்கலாம் என்று பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நல்ல கல் என்று நிரூபணமானால், களவு பற்றிய கேள்வி முன்னைவிடப் பாரதூரமாகிறது.

களவை எப்படிப் பார்ப்பது? நான் மிகவும் வற்புறுத்த நினைக்கும் பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம் கோயில்கள் கணக்கு எழுதாமலே நகை வைத்திருந்தன என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் கொடுத்த நகைகளைச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள், வாசித்துப் பார்த்தால் அசந்துபோவீர்கள். எந்த நகையில் எத்தனை மாணிக்கம், எத்தனை வைரம், எத்தனை முத்து, கழஞ்சு மஞ்சாடி குன்றி என்று எவ்வளவு எடை, அதில் அரக்கும் சேர்ந்த எடையா சேராத எடையா என்பது வரைக்கும் இருக்கிறது. முத்தைக் கூட வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதி, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாருக்கு, அதாவது இன்றைய தெவிநுவரையில் இருந்த கோயிலுக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியல். போர்த்துக்கேயர் 1588இல் அந்தக் கோயிலை இடித்தார்கள், கோயில் போய்விட்டது, பட்டியல் இருக்கிறது.

ஆகவே கதை சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எந்தக் கோயில்? மூலவருக்கா, உற்சவருக்கா, அம்மனுக்கா? என்ன நகையில் இருந்தது, நெற்றிச்சுட்டியா, பதக்கமா, கிரீடமா? யார் உபயம்? எந்த வருஷம் காணாமல் போனது, முறைப்பாடு இருக்கிறதா? உண்மையான கோயில் பொருளுக்கு இவற்றில் இரண்டு மூன்றுக்காவது பதில் இருக்கும். "ஒரு பழைய கோயில், ஊர் பேர் சொல்ல ஏலாது" என்றால் அது கதை. திருக்கோணேச்சரத்துக் கல், கடலுக்குள் இருந்து எடுத்தது என்பது அடிக்கடி வரும் இன்னொரு பேச்சு. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்ததும், 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலை அடியில் மூழ்கி இடிபாடுகளைப் பார்த்ததும் உண்மை. அந்த உண்மையை முதுகில் சுமந்துகொண்டு எந்தக் கல்லும் வரலாம் என்பதுதான் பிரச்சினை.

கோயில் பேர் கிடைத்துவிட்டால் தேடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. கும்பாபிஷேகச் சிறப்பு மலர்ப் புத்தகங்களைத் தேடுங்கள். நம் ஆக்களுக்கு மலர் வெளியிடும் பழக்கம் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய புண்ணியம், உபயகாரர் பேர், செய்துவைத்த நகை, பழைய படங்கள் எல்லாம் அதில் இருக்கும். திருவிழாப் படங்கள், பழைய கல்யாண அல்பங்கள், வீடியோக்கள் எல்லாவற்றிலும் சாத்துப்படியோடு சாமி தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால் பதக்கத்தில் கல் எத்தனை, நடுக்கல் என்ன வடிவம் என்பது வரை தெரிந்துவிடும். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவில் இருந்து புறப்படும்போது எத்தனை போன்கள் தூக்கிப் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள், இன்றைக்குச் சாமி நகைக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 50 லட்சம் டொலர் கொடுத்து வாங்கிய, தமிழ்நாட்டில் களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலை 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியதும் பழைய படங்களால்தான், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வைத்திருந்த படங்களோடு பொருந்தியது. இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளத்தைப் பார்க்க 'ஐடி-ஆர்ட்' என்று இலவசச் செயலி இருக்கிறது. தனிக் கல் அதில் அகப்படுவது அரிது, பதக்கமோ விக்கிரகமோ என்றால் தேடிப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கோயில் என்றால் அங்கே சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு என்று தனிப் பொலிஸ் பிரிவே இருக்கிறது.

கல்லை அடையாளம் காண உள்ளே பார்க்க வேண்டும் என்பதை நாம் கண்ணகியிடம் இருந்தே கற்றிருக்கிறோம். சிலம்பின் வெளித்தோற்றம் ஒன்றுதான், உள்ளே இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்பதில் வழக்கு தீர்ந்தது. ஆய்வுகூட அறிக்கையில் கல்லின் உள்ளே இருக்கும் ஊசிகள், மேகங்கள், விரிசல்கள் பற்றி எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள், மேலே துடைப்பதால் அவை மாறிவிடாது.

குடும்பப் பெட்டியில் இருந்து வந்த கல்லானால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வீட்டில் கோயில் பொருள் இருக்கிறது என்பதால் தாத்தா களவெடுத்தார் என்று ஆகாது. யுத்த காலத்தில் ஊரை விட்டு ஓடிய ஆக்கள், விக்கிரகத்தையும் நகையையும் கையோடு தூக்கிக்கொண்டுபோய்க் காப்பாற்றிய கதைகள் நம்மிடம் நிறைய. காத்து வைத்த பொருள் ஒன்று, கொடுக்க வேண்டியவர் இறந்துபோனதால் பெட்டியிலேயே தங்கியிருக்கலாம். ஆகவே முதலில் வீட்டில் வயதானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள். எந்த ஊர், யார் கொடுத்தது, எப்போது, அப்போது அந்தக் கோயிலில் ஐயர் யார், தர்மகர்த்தா யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சம்மதித்தால் போனில் பதிவு செய்யுங்கள். பெரியம்மா இப்போது சொல்வதை இன்னும் ஐந்து வருஷம் கழித்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது சாபம். "சிவன் சொத்து குல நாசம்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், எனக்கும் அது உண்டு. ஆனால் நம் மரபு எதைச் சபிக்கிறது என்று கல்வெட்டுகளிலேயே போய்ப் பாருங்கள். தானம் எழுதிய கல்வெட்டின் கடைசியில், இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று வரும். அழித்தவனுக்கு, எடுத்தவனுக்குத்தான் அது. கல்லின் மேல் ஒட்டிக்கொண்டு கைமாறிக் கைமாறிப் போகிற ஒன்றாக யாரும் எழுதவில்லை. அதே கல்வெட்டுகளில் இன்னொரு வரியும் வரும்: இதைக் காத்தவனுடைய ஸ்ரீபாதம் என் தலைமேல் என்று தானம் கொடுத்த அரசனே சொல்வான். திருப்பிக் கொடுக்க நினைத்து, படம் எடுத்து, விசாரித்து அலைகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைத் தெரிந்து வைத்திருந்தால் பரிகாரக்காரர்களிடம் அகப்பட மாட்டீர்கள். அவர்கள் வேலை ஒரே மாதிரித்தான். வீட்டில் நோய், கடன், கல்யாணத் தடை என்று ஏதாவது ஒன்று எல்லோருக்கும் இருக்கும், அதைக் கல்லோடு முடிச்சுப் போடுவார். பிறகு கல்லை மந்திரித்துத் துணியில் கட்டித் தருகிறேன், ஒரு மண்டலம் திறக்கக் கூடாது என்பார். நாற்பத்தெட்டு நாள் கழித்துத் திறந்தால் உள்ளே வேறு கல், ஆளும் இருக்க மாட்டார். கல் உங்கள் கண் மறைவுக்குப் போகும் எந்தப் பூஜைக்கும் சம்மதிக்காதீர்கள். மனசுக்கு அமைதி வேண்டும் என்றால் நீங்கள் வழக்கமாகப் போகிற கோயிலுக்கு, கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசரோ, கதிரேசனோ, உங்களுக்குப் பழக்கமான இடத்துக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்யுங்கள், குருக்களிடம் மனம் விட்டுக் கதையுங்கள். அதற்குக் கல்லைக் கொண்டுபோகவே தேவையில்லை. அம்மம்மா பயந்து சாப்பிடாமல் இருந்தால், இதைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தை எந்தத் தாயத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

பயத்தில் களனி ஆற்றிலோ காலி முகத்திடலிலோ எறிந்துவிடலாம் என்று தோன்றும். எறிந்தால் கோயிலுக்கு அது என்றைக்கும் கிடைக்காது. இரவோடு இரவாக உண்டியலில் போடுவதும் சரியில்லை. நல்ல மனசோடு செய்கிற காரியம்தான், ஆனால் போடுகிற கணத்தில் அது எந்த ஊர்க் கோயிலின் கல் என்ற தகவல் அறுந்துபோகிறது, உரிமையுள்ள சாமிக்கு அது போய்ச் சேர வழியில்லை.

திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கு இப்படி. முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், கல்லை வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைத்துவிட்டுப் படங்களோடும் குறிப்புகளோடும் மட்டும் போங்கள். களவுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம், ஆகவே உங்களுக்குச் சந்தேகம் வந்த நாள், அதன் பிறகு நீங்கள் எடுத்த நடவடிக்கைகள் எழுத்தில் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு. அண்மையில் நடந்த களவு என்று தெரிந்தால் தாமதிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், சட்டத்தரணியோடு போனால் இன்னும் நல்லது. விற்க வந்தவர் யாரோ என்றால் அவரைத் துரத்திப் பிடிக்கப் போகாதீர்கள், வட்ஸ்அப்பில் வந்த படங்களையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் அப்படியே கொடுங்கள். பழைய பொருள் என்றால் தொல்பொருள் திணைக்களத்துக்கு விஷயம் போக வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நியாயமாக நம்பக்கூடிய பொருள் அந்தக் கணக்கில் வரும், அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கனடாவில் இருக்கும் மச்சானிடம் கொடுத்துவிடலாம், லண்டனில் நல்ல விலை போகும் என்ற யோசனைகளை அங்கேயே நிறுத்துங்கள். திணைக்களம் கொழும்பு 7இல், அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே.

கோயில் எது என்று உறுதியாகிவிட்டால் பரிபாலன சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள், தனி ஒரு ஆளிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லாதீர்கள். சபைக்குள் பிரச்சினை, வழக்கு என்று இருக்கும் கோயில்களும் உண்டு. அப்படியானால் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் ஆலோசனை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரிய விஷயங்களில் காலம் எடுக்கும், அதைக் கண்டு சோர வேண்டாம். 1765இல் கண்டி அரண்மனையில் ஒல்லாந்தர் கொள்ளையடித்த, சிவப்புக் கற்கள் பதித்த லெவுக்கே பீரங்கி ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் கிடந்து 2023இல்தான் கொழும்புக்குத் திரும்பியது. அதற்கு முன்னால் அது யாருடையது, எப்படிப் போனது என்று ஆவணம் ஆவணமாக ஆராய்ந்தார்கள்.

ஒப்படைக்கும் நாளில் குறைந்தது இரண்டு சாட்சிகள் இருக்கட்டும். ஆய்வு அறிக்கையின் இலக்கம், எடை, அளவு, படங்கள், பொருள் உங்களிடம் எப்படி வந்தது என்ற விவரம், பெற்றுக்கொள்பவரின் பேர், பதவி, கையொப்பம், சபையின் முத்திரை எல்லாம் ஒரே பத்திரத்தில் வர வேண்டும். கல்லை அங்கேயே உங்கள் முன்னால் எடை பார்த்து, அறிக்கையோடு ஒப்பிட்டு, கோயில் நகைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தையும் படம் எடுங்கள். மூன்று பிரதி: ஒன்று கோயிலுக்கு, ஒன்று சட்டத்தரணிக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் பிரதியைக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் கோப்பிலேயே வையுங்கள், எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.